நிறுத்துவது கோழைத்தனமா?



2025-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 26-ஆம் நாள், வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து என் தங்கை வீட்டிற்குப் பகலுணவுக்குச் சென்றிருந்தேன். தொலைக்காட்சியில் சண்டிகர் விமானப் படைத் தளத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ‘மிக்-21’ என்னும் போர் விமானத்திற்கு அன்று விடைகொடுப்பு விழா. விமானப் படைத் தலைமைத் தளபதி ஏ.பி. சிங் அவர்களே ஒரு விமானத்தை ஓட்டிவந்தார். தரையிறங்கிய விமானங்களின் மீது இருபுறமும் நீரைப் பீய்ச்சியடித்து மரியாதை செய்தனர். முன்னாள் விமானிகள் பலர் கண்கலங்கி நின்றனர்.

தங்கையின் மகன் பொறியியல் இறுதியாண்டு மாணவன். இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். விமானப் படையில் விமானியாகச் சேர விண்ணப்பித்திருக்கிறான். அந்தச் செய்தி தெரிந்த நாளிலிருந்து அவன் உம்மாவுக்கு உறக்கமில்லை.

சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே என் தங்கை கேட்டாள்:

“இத்தனை பிள்ளைகளைக் காவு வாங்கின விமானத்துக்கா காக்கா இவ்வளவு மரியாதை?”

“அதுதான் இன்றோடு ஓய்வு பெற்றுவிட்டதே உம்மா!” என்றான் அவன்.

“இன்றைக்குத்தானே நிறுத்தினார்கள்? அறுபத்திரண்டு வருஷமாக என்ன செய்தார்கள்? மாமாவிடமே கேள். அவர்தான் பௌதிக வாத்தியார் ஆயிற்றே!”

முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். ஆயினும் அன்று அந்தத் தாயின் வினாவுக்கு விடை கூற என்னால் இயலவில்லை. அதன்பின் பல நாட்கள் தேடிப் படித்தேன். படித்தவற்றையும், அவற்றின் வழியே என் நினைவுக்கு வந்த எங்கள் வீட்டுச் செய்தி ஒன்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வந்தபோது ராஜா

மிக்-21 சோவியத் நாட்டில் 1950-களில் உருவானது. ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில் பறக்கவல்லது. உலகெங்கும் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. இந்தியாவுக்கு 1963-இல் வந்தது. முதல் படைப்பிரிவு அமைந்த இடமும் சண்டிகரே. பின்னர் நாசிக் நகரிலுள்ள தொழிற்சாலையில் நாமே அதனைக் கட்டத் தொடங்கினோம். 1971-ஆம் ஆண்டுப் போரில், டிசம்பர் 14 அன்று, டாக்காவின் ஆளுநர் மாளிகையைத் தாக்கியவை இவ்விமானங்களே. அன்றே ஆளுநர் பதவி விலகல் கடிதம் எழுதினார். 2019 பிப்ரவரி 27 அன்று, தமிழகத்தைப் பூர்வீகமாகக் கொண்ட அபிநந்தன் வர்த்தமான் எல்லைக்கு அப்பால் வீழ்ந்து பிடிபட்டாரே, அவர் ஓட்டிச் சென்றதும் மிக்-21 தான்.

விழாவில் முதிய விமானிகள் ஏன் கண்கலங்கினார்கள் என்பது இப்போது விளங்கும். தங்கள் வாலிபத்தை அவர்கள் அதில் கழித்தவர்கள்.

ஆனால் அதற்கு ஒரே இயந்திரம். வானில் அது நின்றுவிட்டால் கைகொடுக்க இரண்டாவது இல்லை. சிறகுகள் குறுகியவை, ஆதலால் மெதுவாக இறங்க அதற்குத் தெரியாது. மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடுபாதையைத் தொட வேண்டும். கண்ணிமைக்கும் நேரத் தவறுக்கும் மன்னிப்பு இல்லை. ஒரு பறவை உள்ளே புகுந்தாலும் போதும், பேராபத்துதான்! போதாக்குறைக்கு, 1991-இல் சோவியத் ஒன்றியம் சிதறியபின் உதிரி பாகங்கள் கிடைப்பதும் அரிதாயிற்று. ஏறத்தாழ 125 விமானங்களுக்குப் புதிய ரேடாரும் மின்னணுக் கருவிகளும் பொருத்தி, ‘பைசன்’ என்று பெயரிட்டு ஆயுளை நீட்டினார்கள். கருவி புதிது, உடம்பு பழையதுதானே!

எண்கள் சொல்லும் துயரம்

2012-ஆம் ஆண்டு, அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் ஒரு கணக்கை வைத்தார். வாங்கப்பட்ட மிக் வகை விமானங்கள் 872; அவ்வாண்டு ஏப்ரல் வரை விபத்துக்குள்ளானவை 482. உயிரிழந்த விமானிகள் 171 பேர், பொதுமக்கள் 39 பேர், பிற படையினர் 8 பேர். பாதிக்கும் மேற்பட்ட விமானங்கள் பகைவன் கையால் அல்லாமல் விபத்தில் அழிந்தன!

நீதியாகவும் பேசவேண்டும். நெடுங்காலம் மிக அதிகமாகப் பறந்த விமானம் ஆதலால் விபத்தின் எண்ணிக்கையும் பெரிதாகத் தெரியும். எல்லா விபத்துக்கும் இயந்திரமே காரணமன்று. பறவையும் உண்டு, பராமரிப்பும் உண்டு, விமானியின் பிழையும் உண்டு.

ஆனால் ‘விமானியின் பிழை’ என்னும் அந்த இரண்டு சொற்களை ஒரு தாயின் செவி கொண்டு கேட்டுப் பாருங்கள். 2001 செப்டம்பரில் ராஜஸ்தானின் சூரத்கரில் மிக்-21 விழுந்து இளம் விமானி அபிஜித் காட்கில் மாண்டார். பிழை மகனுடையது என்று கூறப்பட்டதை அவருடைய அன்னை கவிதா காட்கில் ஏற்க மறுத்தார். விமானப் பாதுகாப்புக்காக ஆண்டுக்கணக்கில் குரல் எழுப்பினார். பிள்ளையைப் பறிகொடுத்த துயரத்தோடு, பழியையும் சுமக்க வேண்டுமா என்பதே அவருடைய கேள்வி.

தரையில் இருந்தவர்களையும் மறத்தலாகாது. 2002 மே 3 அன்று ஜலந்தரில் வங்கிக் கட்டடத்தின் மீது ஒரு மிக்-21 விழுந்து எட்டுப் பேர் மாண்டனர். 2023 மே 8 அன்று ராஜஸ்தானின் ஹனுமான்கர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வீட்டின் மீது விழுந்தது. விமானி பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினார். வீட்டிலிருந்த மூன்று பெண்கள் மாண்டு போயினர். போரும் இல்லை, பகையும் இல்லை. தம் வீட்டில் இருந்தார்கள், அவ்வளவே.

அதன் பிறகுதான், எஞ்சியிருந்த ஏறத்தாழ 50 மிக்-21 விமானங்களும் தரையிலேயே நிறுத்தப்பட்டன. காரணம் கண்டறியும் வரை, ஒவ்வொன்றும் சோதிக்கப்படும் வரை, எதுவும் பறக்கக் கூடாது என்பது ஆணை. சோதனைக்குப் பின் மீண்டும் பறந்தன. 2025-இல் முற்றிலும் ஓய்வு பெற்றன.

அந்த ‘நிறுத்தம்’ என்ற சொல்லைப் படித்தபோதுதான் என் வாப்பாவின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

வாப்பா திருப்பிக் கொடுத்த சாவி

வாப்பா லாரி டிரைவர். எங்கள் இராமநாதபுரம் சீமையில் கருவேல மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கி வெளியூருக்கு அனுப்புவார்கள். அந்தக் கரி மூட்டைகளை ஏற்றிச் செல்லும் ஒரு பழைய லாரியை வாப்பா ஓட்டினார். எனக்கு அப்போது பதினொரு வயது, தங்கைக்கு ஆறு.

லாரியின் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. ஸ்டியரிங்கில் ஆட்டம். பட்டை ஒன்று உடைந்து, கம்பி சுற்றிக் கட்டியிருந்தார்கள். வாப்பா பலமுறை சொல்லிப் பார்த்தார். “அடுத்த லோடு முடியட்டும் பாய், பார்த்துக்கொள்ளலாம்” என்பது முதலாளியின் மறுமொழி. அடுத்த லோடு முடியும். அதற்கும் அடுத்தது வந்துவிடும்.

ஒருநாள் சரிவில் இறங்கும்போது பிரேக் அறவே பிடிக்கவில்லை. கியரைக் குறைத்து, சாலையோர மணலில் இறக்கி, எப்படியோ வண்டியை நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. பக்கத்தில் கிளீனர் பையன் உட்கார்ந்திருந்தான். பதினைந்து வயதிருக்கும், விதவைத் தாய்க்கு ஒரே மகன்.

அன்று மாலை வாப்பா முதலாளி வீட்டுத் திண்ணையில் சாவியை வைத்துவிட்டு வந்துவிட்டார். உம்மா காரணம் கேட்டபோது சொன்ன சொல் இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

“என் உசிரை நான் என்னவும் செய்யலாம் என்றே வை. அந்தப் பிள்ளை அடுத்த வீட்டு அமானிதம். கெட்ட வண்டியிலே அவனை எப்படி ஏற்றுவேன்?”

அதன்பின் நான்கு மாதங்கள் வாப்பாவுக்கு வண்டி கிடைக்கவில்லை. உப்பளத்தில் மூட்டை தூக்கினார். வீட்டில் பல இரவுகள் கஞ்சிதான். பள்ளியில் ஒருவன், “உங்க வாப்பா பயந்துட்டாராமே!” என்று ஏளனம் செய்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், வாப்பாவின் மீது கோபமும் வந்தது.

வேறொருவர் அந்த லாரியை ஓட்டினார். அது கவிழவில்லை! ஓராண்டு ஓடியது, பிறகு விற்றுவிட்டார்கள்.

நான் வளர்ந்து கல்லூரியில் சேர்ந்த பின் ஒருநாள் துணிந்து கேட்டேன்: “அந்த லாரிக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே வாப்பா! அப்படியானால் நீங்கள் நிறுத்தியது தவறுதானே?”

வாப்பா சிரித்தார். “கவிழ்ந்தால்தான் நான் சொன்னது சரியாகுமா தம்பி?”

வாசகர்களே, சற்றே எண்ணிப் பாருங்கள். நிகழ்ந்த விபத்தைப் புகைப்படம் எடுக்கலாம். நிகழாமற்போன விபத்தை யார் படம் எடுப்பது? நிறுத்தியவனுக்கு உடனடியாகக் கிடைப்பது கஞ்சியும் ஏளனமும்தான். தான் காப்பாற்றிய உயிர் எது என்பது அவனுக்கே தெரியாது. 2023-இல் அந்த விமானங்கள் தரையில் நின்ற நாட்களில் எந்தத் தாயின் பிள்ளை பிழைத்தான், எந்த வீட்டுக் கூரை தப்பியது என்று எவராலும் சுட்டிக்காட்ட முடியாது. நிறுத்துவது கோழைத்தனம் என்று தோன்றுவது இதனால்தான்.

இருபத்தாறு ஆண்டுகள்

அப்படியானால் ஏன் முன்பே நிறுத்தவில்லை? தங்கையின் கேள்விக்கு இங்கேதான் வருகிறேன்.

வாப்பாவின் முதலாளி கெட்டவர் அல்லர். அவருக்கு இருந்தது ஒரே லாரி. அதை நிறுத்தினால் வருமானம் நின்றுவிடும். இன்னொன்று வாங்கக் கையில் காசில்லை. மாற்று இல்லாதவனுக்கு, நிறுத்த மனமிருந்தாலும் வழியில்லை. நாட்டின் நிலையும் ஏறத்தாழ அதுவாகவே இருந்தது.

1982-இல் ஏர் மார்ஷல் லா ஃபாண்டேன் தலைமையில் அமைந்த குழு, நவீன ஜெட் பயிற்சி விமானம் தேவை என்று எடுத்துரைத்தது. காரணம் எளிது. நம் இளைஞர்கள் ‘கிரண்’ என்னும் மெதுவான பயிற்சி விமானத்தில் கற்றுக்கொண்டு, நேரே மிக்-21-இல் ஏற வேண்டியிருந்தது. மொபெட் ஓட்டப் பழகிய பிள்ளையை மறுநாளே பந்தயக் காரில் உட்கார வைப்பதைப் போன்றது அது. இடையில் ஒரு படி வேண்டும் என்றது குழு.

1997-இல் போர் விமான விபத்துகளை ஆராய இன்னொரு குழு அமைந்தது. அதன் தலைவர் யார் தெரியுமா? நம் இராமேசுவரத்து டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள்! இளமையில் போர் விமானியாக விரும்பி டேராடூன் தேர்வுக்குச் சென்று, எட்டுப் பேருக்கே இடமிருக்க, ஒன்பதாவது ஆளாக வந்து வாய்ப்பை இழந்தவர். தாம் ஏற முடியாத விமானங்களில் ஏறிய பிள்ளைகள் ஏன் மாள்கிறார்கள் என்று ஆராயும் பொறுப்பு அவரிடமே வந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவராக, 2006 ஜூன் 8 அன்று, புனேயில் சுகோய் போர் விமானத்தில் பறந்து தம் கனவையும் நிறைவேற்றிக்கொண்டார். என் தங்கை மகனின் அறையில் சுவரில் ஒட்டியிருப்பது அந்தப் படம்தான்.

பயிற்சி விமானம் என்னவாயிற்று? ‘ஹாக்’ என்னும் பிரிட்டானிய விமானத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 2004-இல். பீதர் தளத்தில் அது படையில் சேர்ந்தது 2008-இல். குழு சொன்னதற்கும் விமானம் வந்ததற்கும் இடையே இருபத்தாறு ஆண்டுகள்! 1982-இல் பிறந்த குழந்தை வளர்ந்து, படித்து, விமானியாகி, மிக்-21-இல் ஏறும் அளவுக்கு நீண்ட காலம் அது.

மிக்-21-க்கு மாற்றாக நம் நாட்டிலேயே இலகு ரகப் போர் விமானம் செய்வதென 1983-இல் முடிவாயிற்று. அதுவே ‘தேஜஸ்’. முதன்முதலாக அது பறந்தது 2001 ஜனவரி 4 அன்று. முதல் படைப்பிரிவு அமைந்தது 2016-இல். அந்தப் படைப்பிரிவு பின்னர் நம் கோவைக்கு அருகிலுள்ள சூலூர் தளத்துக்கு வந்தது. மேம்பட்ட தேஜஸ் விமானங்கள் 83-க்கு 2021-இல் ஒப்பந்தம் போட்டார்கள். 2024-இல் வரத்தொடங்க வேண்டியவை, மிக்-21 விடைபெற்ற நாளன்றும் ஒன்றுகூட வந்து சேரவில்லை. விழாவுக்கு முதல்நாள்தான் மேலும் 97 விமானங்களுக்குக் கையொப்பமிட்டார்கள். இருக்கவேண்டிய போர்ப் படைப்பிரிவுகள் 42. மிக்-21 சென்றபின் எஞ்சியவை 29.

இந்தக் கணக்கே நிறுத்துபவனின் கையைக் கட்டிப்போடுகிறது. நிறுத்தினால் எல்லை வெறுமையாகும் என்பது பொய்யன்று. எங்கள் வீட்டு அடுப்பு அணைந்ததும் பொய்யன்று. ஆகையால் என் தங்கைக்கு நான் சொல்லக்கூடிய விடை இதுதான்: பழையதை நிறுத்தும் நாள் நிறுத்தும் நாளன்று வருவதில்லை, புதியதற்கு ஏற்பாடு செய்யும் நாளில், இருபது ஆண்டுகளுக்கு முன்பே வருகிறது. அந்த ஏற்பாட்டைத் தள்ளிப் போட்டவர்கள் யாரும் எந்த விபத்து அறிக்கையிலும் பிழை செய்தவர்களாகக் குறிக்கப்படுவதில்லை. கடைசியில் இருக்கையில் இருந்தவனின் பெயரே எழுதப்படுகிறது.

புதியதும் விழும்

நவம்பர்த் திங்களில் இந்த விடையோடு தங்கை வீட்டுக்குப் போனேன். அதற்குள் இன்னொரு செய்தி வந்து சேர்ந்திருந்தது. நவம்பர் 21 அன்று துபாய் விமானக் காட்சியில் ஒரு தேஜஸ் விழுந்து, அதன் விமானி மாண்டுவிட்டார். பழைய விமானமன்று, நாமே கட்டிய புதிய விமானம்.

“பார்த்தீர்களா காக்கா?” என்றாள் தங்கை. எனக்கு நா எழவில்லை. அந்த ஆண்டு ஜூலை 21 அன்று டாக்காவில் பள்ளிக்கூடத்தின் மீது விழுந்த விமானத்தையும் அவள் மறக்கவில்லை. மிக்-21-இன் வடிவைத் தழுவிச் சீனாவில் செய்யப்பட்டது அது. முப்பதுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், மாண்டனர். பல நாட்கள் அந்தப் பிள்ளைகளுக்காக அவள் துஆச் செய்ததை நான் அறிவேன்.

ஆபத்தே இல்லாத விமானம் உண்டு என்று அவளிடம் நான் பொய் சொல்லவில்லை. நான் படித்தறிந்த அனைத்தையும் அவளுக்கும் மகனுக்கும் ஒளிக்காமல் கூறினேன். ஒளித்து அனுப்புவதற்கு அவன் மூட்டையன்று, மகன்.

நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு உள்ளே சென்று ஒரு பழைய பால்மாவு டின்னை எடுத்து வந்தாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வாப்பா பிற்காலத்தில் சொந்தமாக ஒரு பழைய வேன் வாங்கி ஓட்டினார். முதல் நாள் வாடகையிலிருந்தே ஒரு பங்கை அந்த டின்னில் போட்டு வந்தார். வீட்டில் என்ன முடை வந்தாலும் அதைத் தொடமாட்டார். “இது வண்டிக் காசு. வண்டி கெட்டால் நிறுத்தணும். நிறுத்தணும் என்றால் கையிலே காசு இருக்கணும்” என்பார். எட்டாவது ஆண்டில் அந்த வேனை நிறுத்தினார். வீட்டில் ஒரு வேளைகூடக் கஞ்சி காய்ச்சவில்லை.

தங்கை மகனைப் பார்த்துச் சொன்னாள்: “போ. நான் தடுக்கலை. ஆனால் ஒன்று, வண்டி சரியில்லை என்று தெரிந்தால், ‘சரியில்லை’ என்று மேலதிகாரி முகத்தைப் பார்த்துச் சொல்லணும். ஊர் என்ன சொன்னாலும் சரி. சொல்லுவியா?”

“சொல்வேன் உம்மா” என்றான்.

தேர்வு இனிமேல்தான். அவன் தேறுவானோ, கலாம் அவர்களைப் போல் ஓரிடம் பிந்துவானோ, யார் அறிவார்!

வாசகர்களே! போர் விமானம் நம் கையில் இல்லை. ஆனால் நம் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பள்ளி வேன் இருக்கிறது. வாரந்தோறும் சந்தைக்குப் போகும் மினி லாரி இருக்கிறது. நாற்பது ஆண்டுப் பழமையான படகு இருக்கிறது. நாளை காலை அவற்றை ஓட்டுபவர், “இது சரியில்லை பாய்” என்று உங்கள் வாசலில் வந்து நின்றால், “அடுத்த லோடு முடியட்டும்” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அவரை உட்கார வைத்து, என்ன கோளாறு என்று கேளுங்கள்.